விண்வெளியில் புதுக்குடி



சொந்த ஊரை விட்டுப் பிற மாநிலங்களில் குடியேறி வாழும் நமக்கு, புதிய ஊரில் கழியும் முதல் வாரம் எத்தகையது என்பதை எவரும் விளக்க வேண்டியதில்லை. எந்தக் கடையில் நல்ல அரிசி கிடைக்கும், எந்தத் தெருவில் இரவில் நடக்கலாம், யாரை நம்பலாம் என்று ஒன்றும் தெரியாத வாரம் அது. அண்மையில் நாம் நாற்காலியை விட்டு எழாமலேயே அத்தகைய வாரம் ஒன்றை மறுபடியும் கழித்தோம். 'ஈவ் ஆன்லைன்' என்னும் கணிப்பொறி விளையாட்டில் புகுந்ததன் பயன் அது.

ஐஸ்லாந்தின் தலைநகரான ரெய்க்யவிக்கில் உள்ள சி.சி.பி. என்னும் நிறுவனம் இவ்விளையாட்டை 2003 மே மாதத்தில் வெளியிட்டது. 7,000-க்கும் மேற்பட்ட விண்மீன் மண்டலங்கள். அவற்றினிடையே அமார், கல்டாரி, கலென்டே, மின்மட்டார் என நான்கு பேரரசுகள். பல நாட்டவர் ஆயிரக்கணக்கில் ஒரே வானத்தில் கலம் செலுத்துகிறார்கள். நாம் மின்மட்டார் குலத்தைத் தேர்ந்தோம். அடிமைத்தளையை அறுத்தெழுந்த இனம் என்று அதன் கதை கூறுகிறது. அவர்களுடைய கலங்களோ தகரத்தை ஒட்டுப்போட்டுக் கட்டியவை போல இருக்கின்றன!

போரும் முழக்கமும் இருக்குமென்று எதிர்பார்த்துச் சென்ற நமக்கு முதலில் எதிர்ப்பட்டவை பட்டியல்கள். விலைப்பட்டியல், சரக்குப் பட்டியல், பயிற்சிப் பட்டியல்! இது விண்வெளியில் நடக்கும் கணக்குப்பிள்ளை வேலை என்று ஆடுவோரே கேலி பேசுவதுண்டாம். கோப்புகளோடு காலந்தள்ளும் நமக்கு அது குறையாகப் படவில்லை. பயிற்சி நடைபெறும் முறையும் விந்தையானது. ஒரு திறமையைக் கற்கத் தொடங்கினால், நாம் கணிப்பொறியை அணைத்துவிட்டு அலுவலகம் சென்றாலும் அது பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருக்கும். எளியது சில நிமிடங்களில் முடியும். அரியதற்கு வாரக்கணக்கில் ஆகும். வைப்புநிதிக்கு வட்டி ஏறுவது போன்றதே.

தொடக்கத்தில் நாம் மேற்கொண்ட தொழில் சுரங்க வேலை. சிறுகோள்களின் அருகே கலத்தை நிறுத்தி, ஒளிக்கதிரால் 'வெல்ட்ஸ்பார்' என்னும் தாதுவை வெட்டி, நிலையத்தில் கொண்டுபோய் விற்க வேண்டும். இது சலிப்பூட்டும் பணிதான். ஆயினும் அந்தத் தாதுவிலிருந்து உலோகம் எடுத்து, உலோகத்திலிருந்து வேறொருவர் கலம் கட்டி, அதனை மற்றொருவர் வாங்கிப் போருக்குச் செல்கிறார் என்று அறிந்தபோது, வெட்டிய கல்லின்மேல் நமக்கொரு மதிப்பு உண்டாயிற்று. இந்தப் பொருள்களெல்லாம் வந்து குவியும் பெருஞ்சந்தை ஜிட்டா என்னும் மண்டலம். அங்கே ஒன்றுக்கு இரண்டாகத் தருகிறேன் என்று கூவும் ஏமாற்றுக்காரர்களுக்கும் குறைவில்லை. அத்தகைய ஏமாற்று அங்கே பெரும்பாலும் விதிக்கு உட்பட்டதே!

இழப்பு அங்கே மெய்யான இழப்பு. அழிந்த கலம் திரும்பி வாராது. காவல் குறைந்த மண்டலம் எப்படியிருக்குமென்று காணும் பொருட்டு ஒருநாள் அறிந்தே சென்றோம். சில நிமிடங்களில் நம் கலம் தூளாயிற்று. காப்பீடு செய்திருந்தமையால் ஓரளவு பணம் வந்தது. பெரிய இழப்புகளின் கதை வேறு. 2014 ஜனவரியில் ஒரு கூட்டணி, தன் வசமிருந்த மண்டலத்துக்குரிய கட்டணத்தைக் குறித்த காலத்தில் செலுத்தாது போகவே, பகைவர் புகுந்தனர். ஏறத்தாழ 21 மணி நேரம் நீடித்த அப்போரில் 7,500-க்கும் மேற்பட்டோர் பங்கு கொண்டனர். 'டைட்டன்' எனப்படும் மாபெருங்கலங்கள் 75 அழிந்தன. தவணை தப்பியதால் மூண்ட போர் இது என்று நம் கணக்குப் பிரிவு நண்பரிடம் கூறினோம். அவர் சிறிதும் வியக்கவில்லை.

சுரங்க வேலையில் நமக்கு ஒரு துணைவர் வாய்த்தார். போலந்து நாட்டவர் என்பதைத் தவிர அவரைப்பற்றி நாம் ஒன்றும் அறியோம், மெய்ப்பெயரும் தெரியாது. இரவு பத்து மணிக்கு வருவார். நம் கலத்தருகே தம் கலத்தை நிறுத்துவார். இருவருக்கும் அன்னியமான ஆங்கிலத்தில் உரையாடுவோம். நான்கு நாள் அவர் வரவில்லை. யாரிடம் விசாரிப்பது? கதவைத் தட்டுவதற்கு வீடில்லை. கேட்பதற்கு அண்டை அயலார் இல்லை.

அந்நாள்களில்தான் ஷான் ஸ்மித் என்பவரைப்பற்றிப் படித்தோம். அமெரிக்க வெளியுறவுத் துறையின் அலுவலரான அவர், 2012 செப்டம்பர் 11 அன்று லிபியாவின் பெங்காசி நகரில் நடந்த தாக்குதலில் உயிர் நீத்தார். இவ்விளையாட்டில் அவர் வேறொரு பெயரில் ஒரு பெருங்கூட்டணியின் தூதுவராக விளங்கியவர். பகைவரோடும் சமாதானம் பேசியவர். செய்தி பரவியதும் ஆடுவோர் பலர் தத்தம் விண்நிலையங்களின் பெயரை மாற்றி அவர் பெயரைச் சூட்டினர். எதிரணியினரும் துக்கம் காத்தனர். அவர்களுள் மிகப் பலர் அவருடைய முகத்தை நேரில் கண்டிராதவர்கள். ஊர் விட்டு ஊர் வந்து அரசுப்பணி புரியும் நாம் அதனைப் படித்தபின், அன்றிரவு வேறெதிலும் மனம் செலுத்த இயலவில்லை.

ஐந்தாம் நாள் இரவு போலந்து அன்பர் வந்து சேர்ந்தார். மகளுக்குக் காய்ச்சல் என்றார். இப்போது தேவலை என்றார். மிளகுக் கஷாயத்தின் செய்முறையை ஆங்கிலத்தில் அவருக்கு எழுதியனுப்பினோம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கும், திப்பிலிக்கு அவர் ஊரில் என்ன பெயர் என்று கண்டுபிடிக்க நெடுநேரமாயிற்று. அதற்குள் இரண்டு கலங்களிலும் சரக்கு நிரம்பிவிட்டது.