ஒரு ராத்திரி அவகாசம்

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே, பாலாற்றங்கரையில் இருக்கிறது எங்கள் ஓரிக்கை. பல்லவ மன்னன் கணிகண்ணனை நாடு கடத்த, குருவான திருமழிசை ஆழ்வாரும் உடன் கிளம்ப, காஞ்சித் திருவெஃகாப் பெருமாளும் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு அவர்கள் பின்னால் நடந்தாராம். அன்றிரவு அவர்கள் தங்கிய இடம் இது. ‘ஓரிரவு இருக்கை’தான் ஓரிக்கை ஆயிற்று என்பார்கள். மன்னன் தவற்றை உணர்ந்து அழைத்ததும் எல்லோரும் ஊர் திரும்பினார்கள்.

கம்ப்யூட்டரில் தவறி அழித்ததை மீட்கும் கலையும் இந்தக் கதை மாதிரிதான். ஹார்டுடிஸ்கில் ஒரு ஃபைலை அழித்தால், அது உடனே ஊரை விட்டுப் போய்விடுவதில்லை. ‘இந்த இடம் காலி’ என்று அட்டவணையில் குறிப்பு ஏறுகிறது, அவ்வளவுதான். அதன்மேல் வேறொன்றை எழுதும்வரை உள்ளடக்கம் அங்கேயே கிடக்கும். நமக்குக் கிடைக்கும் ஒரு ராத்திரி அவகாசம் அது.

எங்கள் தெருவில் ஒரு பட்டு நெசவாளர் குடும்பம். ஜக்கார்டு தறிக்கான டிசைன்களைக் கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்திருந்தார்கள். ஒரு நாள் மாலை மகன் ஓடி வந்தார். “அண்ணே, அப்பாவோட டிசைன் எல்லாத்தையும் அழிச்சுட்டேன்!” போய்ப் பார்த்தால், மீட்கும் மென்பொருளை அதே டிஸ்கில் இறக்கப் போகிறார். அதுவே அழிந்ததன்மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். “தம்பி, எதையும் தொடாதே” என்று சொல்லி, மின்சாரத்தை நிறுத்தினேன். இந்தக் கலையில் பாதி, கையைக் கட்டிக்கொண்டிருப்பதுதான்.

டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டி, முதலில் முழுவதையும் ஒரு புது டிஸ்கில் அப்படியே நகல் எடுத்தோம். அந்த நகலில்தான் ‘போட்டோரெக்’ என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டோம். அது அட்டவணையைப் பார்ப்பதில்லை. ஃபைலின் முகத்தைப் பார்க்கிறது. டிசைன்கள் இருந்த பிஎம்பி வகைப் படம் எதுவானாலும் ‘பி’, ‘எம்’ என்ற இரண்டு எழுத்தில்தான் தொடங்கும். அப்படிப்பட்ட தொடக்கங்களைத் தேடித் தேடிப் பொறுக்குகிறது. விடிவதற்குள் பெரும்பாலான படங்கள் வந்துவிட்டன.

இந்தக் கலை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். 2003 பிப்ரவரி 1 அன்று, கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேருடன் கொலம்பியா விண்கலம் சிதறியது. அதிலிருந்த 400 மெகாபைட் டிஸ்க் ஒன்று கருகிய நிலையில் டெக்சாஸில் கிடைத்தது. கிரோல் ஆன்ட்ராக் நிறுவனத்தார் அதன் தட்டுகளைச் சுத்தம் செய்து, ஏறக்குறைய எல்லாத் தரவையும் மீட்டார்கள். விண்வெளியில் செனான் வாயுவை வைத்துச் செய்த ஓர் ஆய்வின் தரவு அது. அந்த ஆய்வின் முடிவு 2008இல் வெளியானது.

எல்லா டிஸ்கும் இவ்வளவு இரக்கம் காட்டாது. இப்போதைய எஸ்எஸ்டி வகை டிஸ்க், அழித்த இடத்தைத் தானே சுத்தம் செய்துவிடும். அதில் அவகாசம் மிகக் குறைவு. டிஸ்க் ‘டிக் டிக்’ என்று சத்தம் போட்டால் உடனே நிறுத்துங்கள். மறுபடி மறுபடி ஓட்டினால் தட்டே கீறிப்போகும். அது தூசியில்லாத அறையில், கைதேர்ந்தவர்கள் திறந்து பார்க்க வேண்டிய வேலை.

நெசவாளர் வீட்டில் மீண்டு வந்த படங்களில் ஒரு குறை இருந்தது. பெயர்கள் போய், எல்லாம் வெறும் எண்களாக நின்றன. பெரியவர் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். “இது மயில்கண். இது ருத்ராட்சம். இது இருதலைப்பட்சி” என்று ஒவ்வொன்றாகச் சொல்ல, மகன் தட்டச்சு செய்தார். ஒரு கோபுரக் கரை பாதிதான் வந்திருந்தது. பெரியவர் அதையே சற்று நேரம் பார்த்தார். “மிச்சத்தை நான் கிராஃப் தாள்ல போட்டுடறேம்பா.”

மென்பொருள் கொண்டுவந்தது புள்ளிகளை. அவற்றை மறுபடி சேலைக்கரை ஆக்கியது அந்த மனிதரின் நினைவு. அவர் சொல்லச் சொல்ல எழுதி வைத்த பட்டியலோடு, டிசைன்களின் இன்னொரு பிரதி இப்போது உத்திரமேரூரில் அவர் மகள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. நீங்களும் இன்றைக்கே ஒரு பிரதி எடுத்து, வேறொரு வீட்டில் கொடுத்து வையுங்கள்.