ஒப்பித்தலும் படித்தலும்



புது தில்லியில் நான் வசிக்கும் அரசாங்கக் குடியிருப்பின் வாயிலில், ஒரு வேப்பமரத்தின் நிழலில், துணிகளுக்கு இஸ்திரி போடும் தொழிலாளி ஒருவர் மேசை போட்டு நிற்கிறார். அவருடைய மகனுக்கு வயது எட்டு. அருகிலுள்ள பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பில் வாசிக்கிறான். ஒரு நாள் மாலை துணிகளைப் பெற்றுக்கொள்ளச் சென்றபோது, "பாபுஜி, இவன் எவ்வளவு நன்றாகப் படிக்கிறான் என்று சற்றுக் கேளுங்கள்" என்று தந்தை பெருமிதத்துடன் கூறினார். பையன் தன் ஹிந்திப் பாடப் புத்தகத்தைப் பிரித்து, தங்கு தடையின்றி ஒரு பாடத்தை வாசித்தான். குரல் கணீரென்று இருந்தது. நானும் மகிழ்ந்து, முதுகில் தட்டிக்கொடுக்கப் போனேன். அப்பொழுதுதான் ஒன்றைக் கவனித்தேன். பக்கத்தைத் திருப்புமுன்னரே அவன் அடுத்த பக்கத்தை வாசிக்கத் தொடங்கிவிட்டிருந்தான்!

பாடத்தின் நடுவில் ஒரு சொல்லின்மீது விரலை வைத்து, "இது என்ன?" என்று கேட்டேன். பையன் விழித்தான். பின்னர் முதல் வரிக்குச் சென்று, மனத்துக்குள் ஒப்பித்துக்கொண்டே விரலை நகர்த்தி வந்தான். விரல் அந்தச் சொல்லை அடைவதற்குள் ஒப்பித்தல் இரண்டு வரிகளைக் கடந்து போயிருந்தது. தந்தைக்கு இது ஒன்றும் விளங்கவில்லை. அவர் பள்ளிக்கூடம் சென்றவர் அல்லர். நானும் அவரிடம் அதை அப்பொழுது சொல்லவில்லை.

அந்த வேளையில் எங்கள் தெரு வழியாகப் பேருந்து ஒன்று சென்றது. பையன் அதன் நெற்றிப் பலகையைப் பார்த்து, "ஆனந்த் விஹார்" என்றான். அவர்களுடைய கிராமத்துக்குச் செல்லும் பேருந்துகள் அங்கிருந்துதான் புறப்படுகின்றன. பாடப் புத்தகத்தின் சொற்களைப் படிக்க இயலாத குழந்தை, தன் பாட்டியின் ஊருக்கு வழி காட்டும் சொல்லைத் தானாகவே படித்துக்கொண்டிருக்கிறது. இதை எண்ணி அன்றிரவு வெகுநேரம் எனக்கு உறக்கம் வரவில்லை.

மத்திய அரசாங்கத்தில் மொழிபெயர்ப்பாளனாகப் பணிபுரிபவன் நான். ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும் வரும் அறிவிப்புகளையும் திட்டக் குறிப்புகளையும் தமிழாக்குவது என் தொழில். அவற்றைப் படிப்பவர் ஒருவர் எங்கோ இருக்கிறார் என்னும் நம்பிக்கையில்தான் இத்தொழிலை நடத்துகிறேன். அந்தப் படிப்பவர் உருவாவது முதல் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும். ஆதலின், ஆசிரியன் அல்லேனாயினும், இந்தப் பொருள்பற்றிப் பேச எனக்கும் சிறிது உரிமை உண்டென்று கருதுகிறேன்.

இந்தச் சிறுவன் விதிவிலக்கு அல்லன். பிரதம் என்னும் தொண்டு நிறுவனம் 2005-ஆம் ஆண்டு தொடங்கி, நாட்டின் கிராமங்களில் வீடு வீடாகச் சென்று, ஒவ்வொரு குழந்தையையும் தனித்தனியே அமர்த்தி, எழுத்தும் சொல்லும் சிறு பத்தியும் கதையும் படிக்கச் சொல்லிச் சோதித்து வருகிறது. அரசாங்கப் பள்ளிகளின் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளுள், இரண்டாம் வகுப்பு நிலையிலுள்ள கதையைப் படிக்க வல்லவர்கள் 2022-இல் நூற்றுக்கு 16.3 பேர், 2024-இல் 23.4 பேர். தொற்றுநோய்க் காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்ததை நினைத்தால் இவ்வுயர்வு மகிழத்தக்கதே. ஆயினும் நால்வரில் மூவர் இன்னும் வாயிலுக்கு வெளியேதான் நின்றனர். மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் எல்லாக் குழந்தைகளும் பொருளுணர்ந்து படிக்க வேண்டும், 2026–27-க்குள் அந்நிலையை எய்த வேண்டும் என்று மத்திய அரசாங்கம் 2021 ஜூலையில் 'நிபுண் பாரத்' இயக்கத்தைத் தொடங்கியது இக்குறையைக் கண்டுதான். மூன்றாம் வகுப்பு ஏன் எல்லையாயிற்று? அதன்பின் கணக்கும் அறிவியலும் வரலாறும் புத்தகத்தின் வழியே வருகின்றன. படிக்கத் தெரியாத குழந்தை அங்கே எல்லாப் பாடங்களிலும் ஒருசேரப் பின்தங்குகிறது. வகுப்பில் அமர்ந்திருக்கும், வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கும், அவ்வளவே.

இக்குறையை ஆசிரியர்களின் சோம்பலால் விளைந்ததென்று கூறிவிடுவது எளிது. அது நியாயமன்று. நம் வகுப்பறைகளில் பெரிதும் கையாளப்படும் முறையிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. ஆசிரியர் ஒரு வரி சொல்ல, ஐம்பது குழந்தைகள் சேர்ந்து அதைத் திருப்பிச் சொல்கின்றனர். கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஐம்பது குரல்களில் எவை எழுத்தைப் பார்த்து எழுந்தவை, எவை அடுத்த குழந்தையின் குரலைக் கேட்டு எழுந்தவை என்று ஆசிரியரால் எப்படி அறிய முடியும்? படிக்கத் தெரியாத குழந்தை ஒளிந்துகொள்வதற்குக் கூட்டு வாசிப்பைப் போன்ற வசதியான இடம் வேறில்லை.

நம் எழுத்துமுறையின் இயல்பையும் இங்கே நினைக்க வேண்டும். ஆங்கிலக் குழந்தை கற்பவை இருபத்தாறு எழுத்துக்கள். தமிழ்க் குழந்தைக்கோ 247. தேவநாகரியிலும் கன்னடத்திலும் மெய்யும் உயிரும் சேர்ந்தும், மெய்யோடு மெய் அடுக்கியும் வரும் வடிவங்கள் பல நூறு. 'கிதாப்' என்னும் ஹிந்திச் சொல்லில் இகர ஒலி ககர ஒலிக்குப் பின்னே வருகிறது. எழுத்திலோ அதன் குறி முன்னே நிற்கிறது. தமிழில் கெ, கே, கை என்பவையும் அப்படியே. கொ, கோ என்பவற்றில் குறி இருபுறமும் நின்று நடுவில் எழுத்தைச் சிறைப்பிடிக்கிறது. போதாக்குறைக்கு, கல், அகம், தங்கம் என்னும் மூன்று சொற்களிலும் ககரம் மூன்று விதமாக ஒலிக்கிறது. நமக்குப் பழகிவிட்டதால் இவற்றின் கடினம் நமக்குத் தெரிவதில்லை. கன்னடம் கற்கும் குழந்தைகளிடையே சோனாலி நாக் என்னும் அறிஞர் ஆய்வு நடத்தி, எழுத்துக்களைப் பற்றிய அறிவு தொடக்கப் பள்ளியின் பல ஆண்டுகளிலும் வளர்ந்துகொண்டே செல்கிறது என்று கண்டார்.

இதிலிருந்து பெறப்படுவது யாது? எல்லா எழுத்துக்களும் முடிந்த பிறகுதான் சொல், சொற்கள் முடிந்த பிறகுதான் வாக்கியம், அதன் பின்னரே கதை என்று வரிசையாகக் காத்திருந்தால், குழந்தை இரண்டு மூன்று ஆண்டுகள் எதையுமே படிக்காமல் 'படிப்பு' என்னும் ஒன்றைச் செய்துகொண்டிருக்கும். கர்நாடகத்தின் யாத்கிரியிலும் மஹாராஷ்டிரத்தின் வாடாவிலும் ஷைலஜா மேனன் முதலியோர் சில ஆண்டுகள் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2017-இல் வெளியிட்ட ஆய்வும், எழுத்துப் பயிற்சியிலேயே காலம் கழிந்து, பொருளுணர்ந்து படித்தலுக்கு வகுப்பில் இடமில்லாது போவதைச் சுட்டிக்காட்டுகிறது. எழுத்துக்களைக் கற்பிக்க வேண்டா என்று நான் சொல்லவில்லை. அவற்றை ஒழுங்காகக் கற்பிக்கத்தான் வேண்டும். எழுத்துப் பாடம் நடக்கும் அதே நாளில், அதே வகுப்பில், பொருளுள்ள ஏதேனும் ஒன்றைக் குழந்தை படிக்கவும் வேண்டும் என்பதே என் கருத்து.

பொருள் என்று சொல்லும்போது என் தவறு ஒன்றையும் நான் ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், சிறு குழந்தைகளுக்கான கதைப் புத்தகம் ஒன்றை ஹிந்தியிலிருந்து தமிழாக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. பதினாறு பக்கங்கள், பக்கத்துக்கு ஒரு வரி. இரண்டே நாட்களில் முடித்துவிட்டுப் பெருமையுடன் இருந்தேன். அச்சான பின் திருச்சியிலுள்ள என் தங்கையின் வீட்டுக்கு ஒரு பிரதி கொண்டுசென்றேன். அவள் மகள் முதல் வகுப்பு முடித்தவள். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, "அன்னை அடுக்களையில் அன்னம் சமைத்தாள்" என்னும் முதல் வரியை எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தாள். படித்துவிட்டு நிமிர்ந்து, "மாமா, அன்னைன்னா யாரு?" என்று கேட்டாள். படத்தில் அவளுடைய அம்மாவைப் போலவே ஒருத்தி சோறு வடித்துக்கொண்டிருந்தாள்! எழுத்துக்களைக் கூட்டும் பெருமுயற்சியில் வெற்றி பெற்ற குழந்தைக்கு, அம்மா என்றும் சோறு என்றும் எழுதிப் பரிசளிக்காமல், என் இலக்கியப் பற்றைக் காட்டிவிட்டேன். ஒரே மொழிக்குள்ளேயே இந்த இடர்ப்பாடு என்றால், வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் முற்றிலும் வேறொரு மொழியுமாக வாழும் குழந்தைகளின் நிலையை என்னென்பது! தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெற வசதி செய்ய வேண்டும் என்னும் 350-ஏ பிரிவு 1956-இலேயே நம் அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. ஒடிசா மாநிலம் 2006-ஐ ஒட்டிப் பழங்குடி மொழிகள் சிலவற்றில் தொடக்கப் பாடங்களை ஏற்படுத்தியது. ஆனால் சாந்தாலியோ குய் மொழியோ அறியாத ஆசிரியரும், ஒரே வகுப்பில் மூன்று மொழிக் குழந்தைகளும் உள்ள பள்ளிகள் இன்னும் மிகப் பல.

சரி, நாளைக் காலை வகுப்பறைக்குச் செல்லும் ஆசிரியர் என்ன செய்யலாம்? புதிய கட்டடமோ கருவிகளோ இதற்கு வேண்டியதில்லை. நியூஸிலாந்தில் மாவோரிக் குழந்தைகளுக்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன்-வார்னர், நாள்தோறும் காலையில் ஒவ்வொரு குழந்தையிடமும், "இன்று உனக்கு எந்தச் சொல் வேண்டும்?" என்று கேட்டு, அதை அட்டையில் எழுதிக் கையில் கொடுப்பார் என்று 1963-இல் வெளிவந்த தம் நூலில் எழுதியிருக்கிறார். தனக்கு வேண்டிய சொல்லைக் குழந்தை எளிதில் மறப்பதில்லை. ஐம்பது பேருள்ள வகுப்பில் ஐம்பது சொற்கள் இயலாவிட்டால், நாளொன்றுக்கு ஐந்து குழந்தைகள் சொல்லும் ஐந்து வாக்கியங்களைக் கரும்பலகையில், அவர்கள் சொன்னவாறே, எழுதலாமே. "எங்க வீட்டு ஆடு குட்டி போட்டது" என்று ஒருவன் சொல்ல, அதை எழுதி, அவன் பெயரையும் கீழே எழுதினால், வகுப்பு முழுவதும் அதைப் படிக்கும். பத்து நாட்களில் எல்லாக் குழந்தைகளும் ஒருமுறை எழுத்தாளர் ஆகிவிடுவர்.

மற்றொன்று, கதை படித்துக் காட்டுதல். குஜராத்தில் பாவ்நகரில் 1920-இல் பாலமந்திரத்தைத் தொடங்கிய கிஜுபாயி பதேக்கா, தம் 'திவாஸ்வப்னம்' என்னும் நூலில் ஓர் ஆசிரியரைப் படைத்திருக்கிறார். கூச்சலிடும் நான்காம் வகுப்பை அவர் அடக்குவது பிரம்பாலன்று, கதையால். பின்னர் பாடப் புத்தகத்துக்கான பணத்தில் கதைப் புத்தகங்கள் வாங்கி, வகுப்புக்கு ஒரு நூலகமே அமைத்துவிடுகிறார். கிஜுபாயி வழக்கறிஞராக இருந்து கல்விக்கு வந்தவர். பிறதுறையினரும் இவ்விஷயத்தில் வாய் திறக்கலாம் என்பதற்கு அவர் எனக்கு ஓர் ஆறுதல்!

புத்தகங்கள் இன்று அறவே இல்லாமலில்லை. தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் கவுன்சில் 2008-இல் ஹிந்தியில் வெளியிட்ட 'பர்க்கா' வரிசையில் மட்டும் நாற்பது சிறு கதைகள், நான்கு படிகளாக அமைந்துள்ளன. 1987-இல் தொடங்கிய கரும்பலகைத் திட்டத்தின்கீழும் பள்ளிகளுக்குப் புத்தகங்கள் வழங்கப்பட்டன. அவற்றுள் எத்தனையோ அலமாரியில் பூட்டிக் கிடந்தன. காரணம் எனக்கு நன்கு விளங்குகிறது. நானும் அரசாங்க ஊழியனே. புத்தகம் இருப்புப் பதிவேட்டில் ஏறியிருக்கும். ஒன்று கிழிந்தாலும் காணாமற்போனாலும் தலைமையாசிரியர் விளக்கம் எழுத வேண்டும். பூட்டிவைத்தால் விளக்கம் வேண்டியதில்லை. குழந்தைகள் கையில் கிழிந்த புத்தகம் பயன்பட்ட புத்தகமே என்று தணிக்கை விதி ஒன்றை எழுதிவிட்டால், அலமாரிகள் பல திறந்துகொள்ளும் என்பது என் துணிபு. அவ்விதியைத் தமிழாக்கும் பணி எனக்கு வருமாயின், அன்னை, அடுக்களை போன்ற சொற்கள் நுழையாமல் பார்த்துக்கொள்வேன்.

எழுதுவதைப் பற்றி ஒரு சொல். குழந்தை தானாக எழுதும்போது குறில் நெடிலாகும், ஒற்று விடுபடும். உடனே சிவப்பு மையால் அடித்துத் திருத்தும் வழக்கம் நம்மிடம் உண்டு. அவ்வாறு திருத்தினால் மறுநாள் அந்தக் குழந்தை, தனக்கு நிச்சயமாகத் தெரிந்த நான்கு சொற்களை மட்டுமே எழுதும். முதலில் அது சொல்ல வந்ததற்கு மறுமொழி கூறிவிட்டு, பிழையைப் பிறிதொரு வேளையில் எழுத்துப் பாடத்தில் எடுத்துக்கொள்வது நல்லது.

இப்பேச்சைக் கேட்கும் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். குழந்தையின் பாடப் புத்தகத்தை வாங்கி, ஏதேனும் ஒரு பக்கத்தைப் பிரித்து, நடுவரியிலிருந்து படிக்கச் சொல்லுங்கள். படித்த பின், அது எதைப் பற்றியது என்று உங்கள் வீட்டுப் பேச்சிலேயே கேளுங்கள். தடுமாறினால் கடிந்துகொள்ள வேண்டா. பள்ளிக்குச் சென்று ஆசிரியரிடம் அதை அமைதியாகக் கூறுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோராயின், தெரிந்த அண்டை வீட்டார் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளலாம். இஸ்திரி போடுபவரிடம் உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வகுப்பில் தேறிவிட்டான் என்றுதானே எழுதிக் கொடுத்தார்கள்?" என்று மட்டும் கேட்டார். அதற்கு என்னிடம் விடையில்லை. இப்பொழுது மாலைதோறும் பையன், பழைய ஹிந்திச் செய்தித்தாளின் பின்புற வெண்மையான ஓரத்தில், எந்த வீட்டுக்கு எத்தனை துணி என்று தந்தைக்காக எழுதிக் கொடுக்கிறான். என் வீட்டு எண்ணை ஒருமுறை தவறாக எழுதி, என் சட்டைகள் மாடிவீட்டுக்குப் போய்விட்டன.