படத்தின் அளவும் நிலத்தின் அளவும்



இன்று நம் இளைஞர் ஒவ்வொருவர் கையிலும் கைப்பேசி இருக்கிறது. அதன் திரையில் வயலின் நான்கு மூலைகளையும் தொட்டால், பரப்பு இத்தனை சென்ட் என்று அது சொல்லிவிடுகிறது. பஞ்சமி நிலத்தைத் தேடிப் புறப்பட்டிருக்கும் நமக்கு இது பெருந்துணைதான். ஆயினும் அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதை அறியாது மனுவில் எழுதினால், வழக்கு நம் கையாலேயே கெடும்.

1891இல் செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் அளித்த அறிக்கையின் பயனாக, 1892ஆம் ஆண்டு அரசாணையின்கீழ் நம் முன்னோர்க்கு நிலம் ஒதுக்கப்பட்டது. பத்தாண்டுகள் விற்கலாகாது, அதன் பின்னும் பிற வகுப்பார்க்கு விற்கலாகாது என்பது நிபந்தனை. அந்நிலங்கள் கைமாறிய கதையை இம்மன்றத்தில் நான் விரிக்க வேண்டுவதில்லை. முழு நிலமும் பறிபோனால் ஊரே அறியும். வரப்பு ஆண்டுக்கு ஒரு சாண் நகர்ந்தால் யார் அறிவார்? அதை அளவு ஒன்றே காட்டும்.

புவி உருண்டை, படம் தட்டை. ஆரஞ்சுத் தோலை மேசைமீது பரப்பினால் கிழியும், அல்லது இழுபடும். உருண்டையைத் தாளில் இறக்கும் முறையை நிலநூலார் கோட்டுச்சட்டம் என்பர். 1569இல் மெர்க்கேட்டர் வகுத்த சட்டம் மாலுமிகளுக்குத் திசை காட்டுவதற்காக எழுந்தது. அதன் சாயலே இன்று கணினிப் படங்களில் பரவலாக ஆளப்படுகிறது. அதில் ஆப்பிரிக்காவுக்கு நிகராகத் தோன்றும் கிரீன்லாந்து, உண்மையில் அதில் பதினான்கில் ஒரு பங்கே!

நம் ஊருக்கு வருவோம். ஒரு பாகைத் தீர்க்கத்தின் அகலம் நிலநடுக்கோட்டில் ஏறத்தாழ 111 கிலோமீட்டர். தருமபுரியில் 109 மட்டுமே. படமோ இரண்டையும் ஒரே அகலமாக வரைகிறது. ஆகவே தட்டைக் கணக்கில் 1000 மீட்டர் 1023 மீட்டராகிவிடும். நீளத்திலும் அகலத்திலும் இவ்வாறு நீளும்போது, பரப்பு நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து பங்கு மிகும். இதில் உள்ள வஞ்சகத்தைக் கவனியுங்கள். ஒரு ஏக்கரில் ஐந்து சென்ட்டை அண்டை நிலத்தார் வளைத்துக்கொண்டார் எனில், மீதி 95 சென்ட். அதைத் தட்டைக் கணக்கில் அளந்தால் 100 சென்ட் என்றே விடை வரும்! இழந்தவனே "குறையொன்றும் இல்லை" என்று எழுதிக் கொடுப்பான். ஐந்து சென்ட் என்பது 2178 சதுர அடி. ஒரு குடும்பம் வீடு கட்டி வாழும் மனை.

எல்லாச் செயலிகளும் இவ்வாறு பிழைபடுவதில்லை. நல்லவை வளைவையும் சேர்த்தே கணக்கிடுகின்றன. கியூ.ஜி.ஐ.எஸ். என்னும் இலவச மென்பொருளில் தட்டைக் கணக்கு, நீள்வட்டக் கணக்கு ஆகிய இரண்டுக்கும் வழியுண்டு. எது நடக்கிறதென்று அறிவது எளிது. பள்ளிக் கட்டடத்தின் இரு மூலைகள் போல, செயற்கைக்கோள் படத்தில் தெளிவாகத் தெரியும் இரண்டு இடங்களுக்கிடையே நாடாவால் அளந்து வாருங்கள். நாடா 100 என்க, கணினி 102க்கு மேல் சொன்னால் அந்தக் கணக்கை ஒதுக்குங்கள்.

வளைவைப் பற்றிய இந்தக் கவலை நம் நாட்டுக்குப் புதிதன்று. 1802இல் பரங்கிமலை அருகே லாம்டன் ஏழரை மைல் நீளத்துக்கு அடிக்கோடு அளந்தார். வெயிலில் எஃகுச் சங்கிலி நீளுமே என்று வெப்பமானி வைத்துத் திருத்தம் செய்தார். அங்கிருந்து முக்கோணங்களாக விரிந்த அளவைதான் பின்னர் 78ஆம் தீர்க்கக்கோட்டை ஒட்டிக் குமரியிலிருந்து இமயம் நோக்கிச் சென்றது. லாம்டன் பெயரை நூல்கள் சொல்கின்றன. சங்கிலியைச் சுமந்தவர் பெயரை யார் சொல்கிறார்?

அந்த 78ஆம் கோடு நம் மாவட்டத்தின் ஊடே செல்கிறது. யூ.டி.எம். என்னும் சட்டத்தில் அதற்கு மேற்கே பென்னாகரம் 43ஆம் மண்டலம், கிழக்கே தருமபுரி 44ஆம் மண்டலம். இச்சட்டத்தில் ஏக்கருக்குக் கால் சென்ட்கூடப் பிழை வராது. ஆனால் மண்டல எண்ணைக் குறிக்காமல் ஆயங்களை மட்டும் எழுதினால், நம் வயல் வேறெங்கோ போய்விடும்.

கைப்பேசியுடன் வரப்பில் நடந்து அளப்போர்க்கும் ஒன்று சொல்வேன். அக்கருவி சில மீட்டர் தவறுவது இயல்பு. ஒரு ஏக்கர்ச் சதுரத்தின் பக்கம் ஏறத்தாழ 64 மீட்டர். ஒரு வரப்பு மூன்று மீட்டர் பிசகினால் நான்கரை சென்ட்டுக்கு மேல் போயிற்று. ஆகவே கைப்பேசி ஐயத்தை எழுப்பலாம், தீர்ப்புச் சொல்லாது. புல எண்ணைக்கொண்டு புலப்படத்தை எடுங்கள். அதில் அளவுகள் எண்களாகவே எழுதப்பட்டிருக்கும். பழைய படமாயின் லிங்க், புதிதாயின் மீட்டர். ஒரு லிங்க் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர். மூலைக்கல்லைக் கண்டுபிடித்து, அதிலிருந்து நாடா பிடித்து அளந்து பாருங்கள். குறை தெரிந்தால் கட்டணம் செலுத்தி, சர்வேயரைக் கொண்டு அளக்க மனுக் கொடுங்கள். அவர் வரும் நாளில் புலப்படத்தின் நகலோடு நம் பிள்ளைகள் இருவராவது உடன் நிற்க வேண்டும்.