கையைக் காப்பாத்துவோம்
(பிரட்டுக் களத்தில் நடந்த சுகாதாரக் கூட்டத்தில் தோட்ட மருத்துவ உதவியாளர் பேசியது)



அட்டைக்கடி, குளவிக்கொட்டு பற்றியெல்லாம் முன்பே பேசியிருக்கிறோம். இன்றைக்கு மெசின் வேலை செய்கிறவர்களின் கையைப் பற்றிப் பேசப் போகிறேன்.

கவ்வாத்து மெசின், புல்லு வெட்டும் மெசின், மரம் அறுக்கும் செயின்சோ, இவையெல்லாம் வேலையைச் சுருக்குகின்றன. ஆனால் அவை அதிரும் அதிர்வு பிடித்திருக்கிற கைக்குள்ளே போகிறது. மாசக்கணக்கில், வருசக்கணக்கில் இப்படிப் போனால், விரலில் ஓடுகிற சின்ன இரத்தக் குழாய்களும் நரம்பும் கெட்டுப் போகும்.

ஒரு தம்பி என்னிடம் வந்தார். "ஐயா, காலையில சட்டை பொத்தானப் போட முடியல. பொஞ்சாதிதான் போட்டு விடுது" என்றார். கையைப் பார்த்தேன். காயம் இல்லை, வீக்கம் இல்லை. "குளிர்ல விரல் வெளுக்குதா?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். இரண்டு வருசமாக வெளுத்திருக்கிறது. சொன்னால் மெசினைப் பறித்துவிடுவார்கள், கிடைக்கிற மேல்காசும் போய்விடும் என்று பயந்து மறைத்திருக்கிறார்.

அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஒன்றை யோசியுங்கள். விரல் வெளுப்பதை ஆரம்பத்திலேயே கண்டு அதிர்வைக் குறைத்தால், நோய் அதோடு நிற்கும். கொஞ்சம் குறையவும் கூடும். செத்துப்போன நரம்புக்கோ மருந்து கிடையாது. பிறகு கொழுந்து கிள்ளவும் முடியாது, பிள்ளைக்குச் சோறு ஊட்டவும் முடியாது.

அடையாளங்களை மனசில் வையுங்கள்: வேலை முடிந்த பிறகும் விரல் விறுவிறுக்கும், மரத்துப் போகும், குளிரிலும் மழையிலும் விரல் நுனி வெள்ளையாகும், பிறகு சிவந்து வலிக்கும், சின்னச் சாமான் கையிலிருந்து நழுவும், பிடி தளரும். நம்ம மலைக் குளிரில் இது சீக்கிரம் வெளியே தெரியும்.

இது புதுசான நோய் இல்லை. அமெரிக்காவில் அலிஸ் ஹமில்டன் என்ற பெண் டொக்டர் 1918ஆம் ஆண்டிலேயே கல் செதுக்குகிறவர்களின் வெளுத்த விரல்களைப் பரிசோதித்து எழுதினார். பின்லாந்தில் ஒரு வட்டாரத்து மரம் வெட்டுகிறவர்களில் 1972ல் நூற்றுக்கு 40 பேருக்கு விரல் வெளுத்தது. அதிர்வு குறைந்த செயின்சோ வந்த பின், 1990ல் அது நூற்றுக்கு 5 ஆனது. ஆகவே, இது தலைவிதி இல்லை. தடுக்கலாம்.

எப்படித் தடுப்பது?

பிளேட்டைக் கூராக வையுங்கள். மழுங்கிய பிளேட்டு அதிகம் அதிரும். நட்டு தளர்ந்தாலும், கைப்பிடி ரப்பர் தேய்ந்தாலும் உடனே சொல்லுங்கள். மெசினை இறுக்கிப் பிடிக்காதீர்கள். வழுக்காத அளவுக்குப் பிடித்தால் போதும். ஒரே ஆள் நாள் முழுக்கப் பிடிக்காமல், மாறி மாறிப் பிடியுங்கள். கையுறை கையைச் சூடாக வைக்கும், அதனால் போடுங்கள். ஆனால் அதிர்வை அது நிறுத்தும் என்று நம்பி இருக்காதீர்கள். பீடி, சிகரெட் இரத்தக் குழாயைச் சுருக்கும். அதை விட்டால் கைக்கும் நல்லது.

ஒரு கணக்கும் சொல்கிறேன். அதிர்வு இரண்டு மடங்கானால், கால்வாசி நேரத்திலேயே அதே கெடுதி வந்துவிடும். மெசினோடு வருகிற புத்தகத்தில் அதிர்வுக்கு ஓர் எண் இருக்கும். 2005ல் பிரித்தானியாவில் வந்த சட்டப்படி, எண் 5 உள்ள மெசினை ஒருவர் ஒரு நாளில் 2 மணித்தியாலம் பிடித்தாலே முதலாளி அதிர்வைக் குறைக்க நடவடிக்கை எடுக்க வேண்டும். எண் 10 என்றால் அரை மணித்தியாலமே போதும். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் அதைப் பிடிக்கவே விடக் கூடாது.

துரைமாருக்கும் கணக்கப்பிள்ளைமாருக்கும் ஒரு வேண்டுகோள்: மெசின் வாங்கும்போது விலையோடு இந்த எண்ணையும் பாருங்கள். விரல் வெளுக்குது என்று சொல்கிறவரின் பேரைக் குறைக்காமல் வேறு வேலை கொடுங்கள். அப்போதுதான் மறைக்காமல் வந்து சொல்வார்கள்.

அக்காமாரே, தங்கச்சிமாரே, உங்க வீட்டுக்காரர் காலையில் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்கத் தடுமாறினால், சும்மா விடாதீர்கள். டிஸ்பென்சரிக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள். மெசின் பழுதானால் வேறு மெசின் வாங்கலாம். கை பழுதானால் எங்கே போய் வாங்குவது?