காய்ச்சலுக்குக் கணக்கு வேண்டும்

(கூடலூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் பேசியது)



உங்களில் பலருடைய தாய் தகப்பன்மார் 1964-ம் வருஷத்து சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து கப்பலேறி, மண்டபம் முகாமில் தங்கி, பிறகு 1968-ல் சர்க்கார் ஆரம்பித்த தேயிலைத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தவர்கள். ஆகையால் முகாம் என்றால் என்ன என்று நாம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு சுவருக்கு இரண்டு குடும்பம். குழாய் வரும் நேரத்தில் பிடித்து வைத்த பீப்பாய்த் தண்ணீர். அந்தப் பீப்பாய்தான் ஏடிஸ் கொசுவுக்குப் பிரசவ ஆஸ்பத்திரி. அது சாக்கடையைத் தேடுவதில்லை. நல்ல தண்ணீரில் பெருகி, பட்டப்பகலில் கடிக்கிறது. வங்காள தேசத்துக் காக்ஸ் பஜாரில், ரோஹிங்யா அகதி முகாம்களில், 2022-ல் 10,000-க்கு மேற்பட்டவர்களை டெங்கு பிடித்தது.

"மலைக் குளிரில் கொசு ஏது?" என்பார்கள். கொசுவையும் மலேரியாவையும் ஆராய்ந்துகொண்டிருந்த ரொனால்டு ராஸ், 1897-ல் ஊட்டிக்கு வந்தவர், சிகூர்ச் சரிவுக்குப் போய்த் தாமே மலேரியாவில் படுத்தார். அது வேறு கொசு, வேறு கிருமி என்பது மெய்தான். மலையென்று மரியாதை கொடுத்து எந்தக் கொசுவும் விலகுவதில்லை என்பதற்காகச் சொன்னோம்.

ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் அது அவன் வீட்டுச் சங்கதி. ஒரே லயத்தில் ஒரே வாரத்தில் மூன்று நான்கு பேர் படுத்தால் அது ஊர்ச் சங்கதி. திடீரென்று காய்ந்து, கண்ணுக்குப் பின்னால் வலித்து, தோலில் தடித்தால் டெங்கு என்று சந்தேகிக்க வேண்டும். மூட்டு வீங்கி நிமிர முடியாவிட்டால் சிக்குன்குனியா. 2006-ல் அது நம் தேசத்தில் 13 லட்சம் பேருக்கு மேல் வந்ததாகக் கணக்கு. கண்ணால் பார்த்து மட்டும் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. டெங்கு என்றால், முதல் ஐந்து நாளில் எடுத்த ரத்தத்தில் என்எஸ்1 என்னும் கிருமியின் புரதத்தையே காணலாம். நாள் கடந்தால் உடம்பு உண்டாக்கும் ஐஜிஎம் என்ற எதிர்ப்புப் பொருளைத் தேட வேண்டும். காய்ச்சல் கண்ட தேதி தெரியாவிட்டால் டாக்டர் எந்தச் சோதனையை நம்புவார்? எல்லோருக்கும் ஊசி குத்தவும் வேண்டாம். சிலருக்கு உறுதியானால் கொள்ளை நோய் இன்னதென்று பிடிபட்டுவிடும்.

நாம் செய்வதென்ன? தடிப்பைக் கண்டவுடன் "ஆத்தாள் வந்திருக்கிறாள்" என்று வேப்பிலை செருகி, வெளியே சொல்லாமல் மறைக்கிறோம். காய்ச்சல் தணிந்ததும் "இறங்கிவிட்டாள்" என்று தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிறோம். தோழர்களே, டெங்குவில் அபாயம் ஆரம்பிப்பதே காய்ச்சல் தணிகிற அந்த ஓரிரண்டு நாளில்தான்! ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து, வயிறு வலித்து, ஓயாமல் வாந்தியெடுத்து, ஈறில் ரத்தம் கண்டு, கைகால் சில்லிட்டுப் போகும். பொங்கல் பானை இறங்குமுன் பிள்ளை போய்விடுகிறது. ஆத்தாள்தான் காரணமென்றால், பீப்பாய்க்கு மூடி போட்ட லயத்தில் அவள் கோபம் குறைவானேன்?

லயத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். எழுதத் தெரிந்த பெண்பிள்ளை ஒருத்தி பெயர், வயது, வீட்டு நம்பர், காய்ச்சல் கண்ட தேதி எழுதி வரட்டும். ஒரு வாரத்தில் மூன்றாவது பெயர் விழுந்தால் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஆள் அனுப்புங்கள். இருபது நோட்டுகள் கொண்டு வந்திருக்கிறோம். கூட்டம் முடிந்ததும் லயத்துக்கு ஒன்றாக வாங்கிக்கொள்ளலாம். பென்சில்தான் பன்னிரண்டே இருக்கிறது.