பிள்ளையை வளர்க்கும் ஆசான்



நூற்றாண்டை ஒட்டி எங்கள் பாடசாலையில் தற்காப்புக் கலை வகுப்பொன்று தொடங்க வேண்டும் என்று சங்கத்தில் பலர் கேட்டிருக்கிறோம். கராத்தேயா, சிலம்பமா என்ற பேச்சுத்தான் அதிகம். எந்தக் கலை என்பதைவிட, யார் கற்பிப்பார், எப்படிக் கற்பிப்பார் என்பதே முக்கியம் என்று நினைக்கிறோம்.

சிலம்பம் எங்களுக்குப் புதியதல்ல. தமிழ்நாட்டிலிருந்து மலையேறி வந்த எங்கள் முன்னோரோடு வந்த கலை அது. தோட்டத்துத் திருவிழாவில் ஆண்கள் கம்பு சுற்றுவதை வேடிக்கை பார்த்துத்தான் வளர்ந்தோம். எங்களில் பெரும்பாலானோர் கைக்கு அந்தக் கம்பு வரவேயில்லை.

கேரளத்தின் வடகரையில் மீனாட்சி அம்மா ஏழு வயதில் களரிப்பயிற்றுப் பழகத் தொடங்கினார். வயசுக்கு வந்ததும் பெண் பிள்ளைகளை நிறுத்திவிடும் வழக்கம் அங்கும் இருந்தது. அவருடைய அப்பா நிறுத்தவில்லை. எழுபது வயது கடந்தும் களரியில் நின்று கற்பித்த அவருக்கு 2017இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. கொத்மலைப் பக்கத்திலும் பிள்ளைகள் விளையாட்டை விடுவது அந்த வயதில்தான். அதற்கு முன்பே தாயோடு பேசி நம்பிக்கையைப் பெறுகிறவரே நல்ல ஆசான்.

ஜப்பானில் ஜிகோரோ கானோ 1882இல் கொடோகன் என்ற யூடோப் பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினார். அவரும் ஓர் ஆசிரியர். யூடோவில் எதிராளியை வீழ்த்துவதற்கு முன், அடிபடாமல் விழப் பழக்குவார்கள். சாதாரண தரப் பரீட்சையில் ஒருமுறை தவறினால் எல்லாமே முடிந்தது என்று அழும் பிள்ளைகளுக்கு, விழுந்து எழும்பும் பழக்கம் எவ்வளவு பெரிய பாடம்!

எங்களில் மருத்துவம் படித்தவர்கள் சார்பிலும் சில வார்த்தைகள். பத்து முதல் பதினான்கு வயது வரை பெண் பிள்ளைகளின் எலும்பு வேகமாக வளரும். வளரும் இடங்கள் மென்மையானவை. முழங்கால், குதிகால் வலியைச் சாக்கு என்று தள்ளக் கூடாது. அடிக்கடி களைக்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று ஏசுமுன், இரத்தச்சோகை உண்டா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். குறைந்த எடைப் பிரிவில் சேர்ப்பதற்காகப் பட்டினி போடக் கூடாது. தலையில் அடிபட்டால், "ஒன்றுமில்லை, மிஸ்" என்று பிள்ளை சொன்னாலும், அன்றைக்குப் பயிற்சியை நிறுத்தி வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

பாடசாலையில் அடித்துத் திருத்துவதைக் கல்வி அமைச்சு சுற்றறிக்கை மூலம் தடுத்திருக்கிறது. பயிற்சி மண்டபத்துக்கும் அது பொருந்த வேண்டும். பிள்ளையைத் தொட்டுத் திருத்துமுன் கேட்க வேண்டும். கதவு திறந்திருக்க வேண்டும். ஆசிரியையோ தாயொருவரோ உள்ளே இருக்க வேண்டும். 1929 என்ற சிறுவர் உதவி இலக்கம் சுவரில் இருக்க வேண்டும். தற்காப்புப் பழகும் இடத்திலேயே பிள்ளை பயந்தால், அந்தக் கலையால் என்ன பயன்?

பட்டியின் நிறத்தைக் காட்டி ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளையோடு ஒப்பிட வேண்டாம். "போன மாதம் உன் கால் நடுங்கியது, இன்றைக்கு உறுதியாக நிற்கிறாய்" என்ற ஒரு சொல் போதும்.

கொழும்பிலும் கண்டியிலும் கடல் கடந்தும் இருக்கும் சகோதரிகளே, கேடயமும் கிண்ணமும் பிறகு வாங்கலாம். முதலில் தகுதியான பெண் பயிற்றுநர் ஒருவரின் சம்பளத்துக்கு வழி செய்வோம். கடைசி பஸ்ஸுக்கு முன் வகுப்பு முடியட்டும். புசல்லாவையிலிருந்தும் பூண்டுலோயாவிலிருந்தும் வரும் பிள்ளைகளும் அப்போதுதான் சேர முடியும்.