தொட்டால் போதும்

நேயர்களே, விடலைப் பிள்ளைகளின் கோபத்தைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்தார்கள். நான் மருத்துவர் இல்லை. திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமத்தில் 22 வருடமாகச் சிலம்பம் சொல்லிக் கொடுக்கிறவன். என் களத்தில் பார்த்ததைத்தான் சொல்லப் போகிறேன்.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு தாயார் தன் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். 15 வயது. தகப்பனார் வெளிநாட்டில் வேலை. "அண்ணாச்சி, இவன் கை சும்மா இருக்க மாட்டேங்கு. இனி பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாதீயன்னு சொல்லிட்டாவ" என்றார். பையன் என்னைப் பார்க்கவில்லை. சுவரோரம் சாத்தியிருந்த கம்புகளையே பார்த்துக்கொண்டிருந்தான். "கம்ப எப்பம் தருவிய?" அதுதான் அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

ஆறு வாரம் நான் தரவில்லை. காலடி மட்டும்தான்.

காலடி என்றால் என்னவென்று கேட்கும் நேயர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன், எனக்கு இதைப் பற்றிப் பேசச் சலிப்பதே இல்லை. கோபம் வந்தவனைக் கவனித்துப் பாருங்கள். கை ஓங்குவதற்கு முன்பே கால் முன்னால் பாய்ந்திருக்கும். அந்தக் காலைப் பின்னால் எடுத்து வைக்கவும், பக்கவாட்டில் விலகவும், அரை வட்டமாகத் திரும்பவும் சொல்லிக் கொடுப்பதுதான் காலடி. முழங்கால் மடங்கி, இடுப்பு தாழ்ந்து, மூச்சு சீராக இருக்க வேண்டும். முதல் வாரத்திலேயே தொடை நரம்பெல்லாம் இழுக்கும். யோசித்துக் கையை அடக்கச் சொல்லும் மூளையின் முன்பகுதி 25 வயது வாக்கில்தான் முழுதாக முதிர்கிறது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அதுவரைக்கும் பிள்ளையிடம் "யோசி, யோசி" என்று சொன்னால் மட்டும் போதுமா? காலுக்காவது பழக்கிவிட வேண்டும்.

ஏழாவது வாரம் கம்பு கொடுத்தேன். பாதத்திலிருந்து நெற்றிப்பொட்டு வரைக்கும் அளந்து வெட்டிய மூங்கில். வீச்சு, வாரல் போன்ற கம்பு முறைகள் எல்லாம் அவனுக்குச் சீக்கிரம் பிடிபட்டது. அதையெல்லாம் விவரிக்க நேரம் இல்லை, தொடுமுறைக்கு வந்துவிடுகிறேன். எதிராளியின் உடம்பில் கம்பு பட்டால் புள்ளி. ஓங்கி அடித்தாலும் அதே புள்ளிதான், கூட ஒன்றும் கிடையாது. எங்கள் களத்தில் நுனியில் செம்மண் குழைத்துத் தடவிவிடுவோம். சட்டையில் கறை விழுந்தால் தொட்டாயிற்று. முழு வேகத்தில் வரும் கம்பைத் தோளுக்கு அருகில் வந்ததும் தளர்த்த வேண்டும். அடிக்க எவனுக்கும் தெரியும். தளர்த்துவதற்கு வருடக்கணக்காகும்.

ஒரு நாள் 11 வயதுப் பிள்ளை ஒருத்தி அவன் முதுகில் தொட்டுவிட்டாள். வெள்ளைச் சட்டையில் செம்மண் கறை. சுற்றி நின்ற பயல்கள் சிரித்தார்கள். அவன் கம்பு தலைக்கு மேலே ஏறியது. நான் தூரத்தில் நின்றேன், ஓடினாலும் எட்டாது. "காலடி!" என்று மட்டும் சொன்னேன். ஆறு வாரம் அரைத்த கால், தானாகவே ஒன்று, இரண்டு, மூன்று என்று பின்னால் போயிற்று. அவன் கம்பைத் தரையில் கிடத்தினான். கை நடுக்கம் அடங்கும் வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். புத்தி ஒன்றும் சொல்லவில்லை. அன்று டீக்கடையில்தான், அப்பா போனில் தன்னோடு பேசி நாலு மாதம் ஆகிவிட்டது என்று சொன்னான்.

அதற்குப் பிறகு அவன் திருந்திவிட்டான் என்று சொன்னால் அது பொய். இரண்டு மாதம் கழித்துப் பேருந்து நிறுத்தத்தில் ஒருவன் மூக்கை உடைத்துவிட்டு வந்து நின்றான். கம்பை வாங்கி வைத்தேன். ஆனால் வராதே என்று சொல்லவில்லை. ஒரு மாதம் தினமும் வந்து களம் பெருக்கி, தண்ணீர் தெளித்து, வெறுங்கையோடு காலடி வைத்துவிட்டுப் போக வேண்டும் என்றேன். ஒரு நாள் தவறாமல் வந்தான். நேயர்களே, இந்தப் பிள்ளைகளை ஏற்கெனவே நாலு இடத்தில் வெளியே போகச் சொல்லியிருப்பார்கள். ஐந்தாவது இடமும் அதையே சொன்னால் அவன் எங்கே போவான்?

நேரம் முடியப் போகிறது. இன்று சிலம்பத்துக்கு நல்ல காலம். அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் இருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளில் காட்சி விளையாட்டாகவும் ஆடினார்கள். அதனால் ஊருக்கு ஊர் பயிற்சிக்கூடம் வந்திருக்கிறது. உங்கள் வீட்டுப் பிள்ளையைச் சேர்க்கப் போகிறீர்கள் என்றால் ஆசானிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். கம்பு எப்போது கொடுப்பீர்கள்? என் பிள்ளை தப்புச் செய்தால் என்ன செய்வீர்கள்? முதல் நாளே கம்பு கொடுப்பேன் என்றாலோ, தப்புச் செய்தால் நிறுத்திவிடுவேன் என்றாலோ, தயவுசெய்து வேறு களம் பாருங்கள்.